அவன் மாதிரி

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் நலம். மூட்டுவலி அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், பிறகு ஒரே நேரத்தில் அழுகிறோம், விஷயம் ஒன்றும் நகர்வதில்லை. அதனால்தான் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அத்தான் கொலைக் கேஸ் விசாரணைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் சாட்சிகளைக் கூப்பிடுகிறார்கள். உனக்கும் சம்மன் வரும். நேற்று அரசு வக்கீல் என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். வரிக்கு வரி ‘எதிரி, எதிரி’ என்று வருகிறது. “எங்க வீட்டுக்காரருக்கு எதிரியே கிடையாதுங்களே” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “குற்றம் சாட்டப்பட்டவரைத்தாம்மா எதிரின்னு எழுதுவோம், அது கோர்ட்டு வார்த்தை” என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. இத்தனை வருஷம் நம் தையல் கடையில் துணி வெட்டி, நம் வீட்டிலேயே சாப்பிட்டு, மாஸ்டர் மாஸ்டர் என்று எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய ஆள் இனிமேல் எனக்கு மாஸ்டர் இல்லை. எதிரி.

உன் அத்தான் அவனை வேலையை விட்டு அனுப்பிய அன்று, மிஷின்காரப் பெண்கள் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னான்? “உனக்குக் கடைசி அளவை நான்தான்யா எடுப்பேன்.” சொன்னபடியே எடுத்துவிட்டான். கடையின் பெரிய கத்தரிக்கோலாலேயே எடுத்துவிட்டான். அதில் அவன் கைரேகை இருக்கிறது. அதற்கு அவன் வக்கீல் என்ன சொல்லப்போகிறாராம் தெரியுமா? வருஷக்கணக்காக அவன் பிடித்து வெட்டிய கத்தரிக்கோலில் அவன் ரேகை இல்லாமல் வேறு யார் ரேகை இருக்கும் என்பாராம். இது என்னடி கூத்து!

அதனால் எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது. இங்கே வந்திருந்த நீ அன்று சாயங்காலம் மாடி வீட்டிலிருந்து இறங்கும்போது, கடையின் பின்கதவு வழியாக அவன் போனதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். நீ சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: அவன்தான். உன் வாயைப் பற்றி உனக்கே தெரியும். மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு “மழை வர்ற மாதிரி இருக்கு” என்கிறவள் நீ. அப்பா உனக்கு ‘மாதிரி’ என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டார். கோர்ட்டில் போய் மாதிரி, கீதிரி என்று உளறிவைக்காதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ‘மாதிரி’ எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்கு இரண்டு பல் முளைத்து, இரண்டையும் என் தோளில்தான் பரிசோதித்துப் பார்க்கிறாள். நீ வைத்தியம் பார்க்காமல் வலிக்கிற காலாலேயே மிஷின் மிதித்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

சம்மன் வந்தது. நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வை, ஏதோ நானே கத்தரிக்கோலை எடுத்த மாதிரி இருந்தது. ஆனாலும் லீவு கொடுத்துவிட்டார்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். கோர்ட்டில் முகத்தைப் பற்றிக் கேட்பார்களா? அன்று ஸ்டேஷனில் நான் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் எழுதினார். “மாஸ்டர் மாதிரி இருந்துச்சு சார்” என்றுதான் நான் சொன்னேன். வாசித்துக் காட்டியபோது ‘மாஸ்டரைப் பார்த்தேன்’ என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். “அது பேச்சு வழக்கும்மா, எழுத்துல அதெல்லாம் வராது” என்றார். நீயும் பக்கத்தில் இருந்துகொண்டு “அவ எல்லாத்துக்கும் அப்படித்தாங்க பேசுவா” என்றாய். எனக்கும் அந்த நேரத்தில் அது சரி என்கிற மாதிரிதான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று நீ எழுதவே இல்லை. எழுது.

உன் தங்கை


மார்ச் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், போதுமா? குட்டிக்கு முத்தம்.

முகம் என்னடி முகம்? இத்தனை வருஷம் பழகிய ஆளைத் தெரிந்துகொள்ள முகம் வேண்டுமா? நான் தெருமுனையில் திரும்பி நின்றால் உனக்கு உன் அக்காவைத் தெரியாதா? அந்த முதுகைப் பார்த்தாய். அந்த நீலக்கோடு சட்டையைப் பார்த்தாய். போதாதா?

அந்தச் சட்டை எல்லோரிடமும் இருக்கிறது என்பாய். எனக்கு மறந்தா போயிற்று? ஒரு பெரிய கட்டுத் துணி மீந்துபோய், உன் அத்தான் கடையில் வேலை செய்கிற ஆண்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்று தைத்துக் கொடுத்து, தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக நிற்கிறீர்களே என்று நான்தான் கேலி செய்தேன். இருக்கட்டும். எல்லோருமா கடைசி அளவு எடுப்பேன் என்றார்கள்?

அரசு வக்கீலிடம் திரும்பவும் போனேன். “நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்மா” என்றார்.

“சந்தேகத்துல என்னங்க நியாயமான சந்தேகம், அநியாயமான சந்தேகம்?”

“சும்மா மனசுல வர்றது இல்லம்மா, காரணத்தோட வர்ற சந்தேகம். அப்படி ஒண்ணு நின்னாலும் விட்டுடுவாங்க. தப்பு பண்ணாதவன் ஒருத்தன் உள்ள போயிடக் கூடாதில்ல?”

“அப்ப தப்பு பண்ணவன் வெளிய போகலாமா?”

“போனாலும் போகட்டும்னுதாம்மா சட்டம்.”

எனக்கு வந்தது பார் ஆத்திரம்! செத்தவருக்கு நியாயம் கேட்டுப் போனால் இவர்கள் சந்தேகத்துக்கு நியாயம் கேட்கிறார்கள். கட்டிங் மேசையின் கீழே அவர் கிடந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் நான் ஷட்டரைத் திறக்கப் போகிறேன். எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு. அவன்தான், அவன்தான். நீ வேலை செய்கிற இடத்தில் கண்ணாடிக்கா பஞ்சம்?

உன் அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். குட்டிக்குச் சளி, பயப்பட ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடி கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். “அவன்தான்” என்று நான் கத்தியதைக் கேட்டு, “எவன்டி?” என்று உன் மாப்பிள்ளை சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பழக முடியவில்லை.

எங்கள் கடையில் நடப்பது ஒன்று சொல்கிறேன். கண் பரிசோதிக்கச் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருப்போம். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. வண்டி ஓட்டச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களில் சிலர் கடைசி வரியை யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள். கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் பலகையை மாற்றி மாட்டினாலும் பழைய வரியையே ஒப்பிப்பார்கள். அவர்கள் எல்லோரும் பொய் சொல்ல வந்தவர்கள் இல்லை அக்கா. பல தடவை சொல்லிச் சொல்லி, கண்ணுக்கே தெரிகிற மாதிரி அவர்களுக்கு ஆகிவிடுகிறது. “நல்லா தெரியுதும்மா” என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பதினாறாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நீ ரயில் ஸ்டேஷனுக்கு வராதே, வலிக்கிற காலை வைத்துக்கொண்டு.

உன் தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உன் கால் எப்படி இருக்கிறது? உன் சாட்சி முடிந்ததும் கோர்ட்டுப் படிகளில் நீ இறங்கிய வேகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டாய். கடைக்கு வந்தேன், ஷட்டர் இறங்கியிருந்தது. தட்டினேன். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ரயிலுக்கு நேரமாகும்வரை வாசலில்தான் நின்றேன்.

நீ உன் முறைக்காக வெளியே பெஞ்சில் இருந்தாய், மற்றவர்கள் வந்து சொன்னதைத்தான் கேட்டாய், நான் பேசியதை நீ கேட்கவில்லை. நடந்தது இதுதான். அவர்கள் பக்கத்து வக்கீல் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். ஊரிலிருந்து எப்போது வந்தீர்கள், பயணம் எப்படி என்றெல்லாம் கேட்டார். நான் “கொஞ்சம் அலுப்பா இருக்கிற மாதிரி இருக்கு” என்றேன். உடனே அவர், “அம்மா, அன்னைக்கு எதிரியைப் பார்த்தீங்களா, இல்ல பார்த்த மாதிரி இருந்துச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார்.

யோசித்துத்தான் சொன்னேன். “மாதிரிதாங்க இருந்துச்சு.”

அதற்குப் பிறகு வக்கீல் இன்னொரு கேள்வி கேட்டார். அதைக் கடிதத்தில் எழுத முடியவில்லை. நேரில் சொல்கிறேன்.

பதில் எழுது அக்கா.

உன் தங்கை


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள், சுவர் முடிகிற இடத்தில் நின்று அழுகிறாள்.

போன் செய்தால் மிஷின்காரப் பெண் எடுத்து “அக்கா இல்லீங்க” என்கிறாள். பின்னால் நீ இருமுவது கேட்கிறது. ஒரு வரி போதும், திட்டியாவது எழுது.

உன் தங்கை


ஜூன் 9

திட்டியாவது எழுது என்றாயே, இதோ எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. அந்த ஜட்ஜ் எதை எதையோ வாசித்தார், என் காதில் ஒன்றும் ஏறவில்லை. கடைசி வரி மட்டும் ஏறியது. ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன்.’ பலனாம்! உழுது விதைத்தது நீ, பலன் அவனுக்கு. எனக்கு என்னடி மிச்சம் வைத்தாய்? தாலியைக் கழற்றிவைத்தவள் கேட்கிறேன், பதில் சொல்.

அரசு வக்கீல் காகிதங்களைக் கட்டிக்கொண்டே, “உங்க தங்கச்சி கொஞ்சம் உறுதியா சொல்லியிருந்தா வேற கதைம்மா” என்றார். வாசலில் நின்ற போலீஸ்காரர்கூட அதையேதான் சொன்னார். உலகத்தில் உள்ள எல்லோருக்கும் தெரிகிறது. ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிற உனக்கு மட்டும் கண் தெரியவில்லை.

வெளியே வந்தால் படிக்கட்டில் அவன் நிற்கிறான். அவன் பெண்டாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, “அண்ணி, நான் இல்லண்ணி” என்றான். எந்த வாயால் என்னை அண்ணி என்கிறான்! காறித் துப்பினேன். அது அவன்மேல்கூடப் படவில்லை. நான் செய்கிற எதுவும்தான் எவன்மேலும் படுவதில்லையே.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டேன். சும்மா பேச்சுக்குப் பேச்சு நீ கொட்டுகிற வார்த்தையை அங்கே கொட்டாதே என்றேன். அதைக் கொண்டுபோய்க் கூண்டில் ஏறி நின்று, யோசித்து வேறு சொல்லியிருக்கிறாய். பெருமையாக அதை எனக்கு எழுதவும் எழுதுகிறாய். என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாய்.

இனிமேல் நீ எனக்குத் தங்கச்சி இல்லை. தங்கச்சி மாதிரி.


ஜூன் 17

அக்கா,

நீ எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். பிறகு எனக்கும் கோபம் வந்தது. உனக்கு மட்டும்தான் வருமா? குறுக்கே பேசாமல் ஒரு தடவையாவது கேள்.

அந்த வக்கீல் கேட்ட இன்னொரு கேள்வி இதுதான். “பார்த்த அந்த நிமிஷத்துல, யாருன்னு நெனச்சீங்கம்மா?”

அன்று நான் படியில் இறங்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. பின்கதவருகே நீலக்கோடு சட்டை. ஒரு முதுகு. நான் மாஸ்டரை நினைக்கவே இல்லை அக்கா. “அத்தான், டீ போட்டிருக்கேன், குடிக்காமப் போறீங்களே” என்று கூப்பிட்டேன். அந்த முதுகு ஒரு நொடி நின்றது, திரும்பாமல் போய்விட்டது. என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டு டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அத்தான் மேசையின் கீழே கிடந்தார்.

என் கத்தலைக் கேட்டு நீ ஓடிவந்தாய். வந்த வேகத்தில் “மாஸ்டர்தான், அந்தப் பாவிதான்” என்று கத்தினாய். அதற்குப் பிறகுதான் என் கண்ணில் இருந்த முதுகு மாஸ்டர் முதுகாக மாறியது. நீ கத்தியதற்கு முன்னால் அது மாஸ்டர் இல்லை. கோர்ட்டில் அதைச் சொன்னேன். “எங்க அத்தான்னு நெனச்சேன்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இதை உனக்கு எப்படி எழுதுவேன்? அவரைக் கொன்றவனையே நான் அத்தான் என்று கூப்பிட்டிருக்கிறேன். டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

அது மாஸ்டராகவே இருக்கலாம். இருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எனக்குத் தோன்றுகிறது என்பதற்காக ஒருத்தனைச் சாகும்வரை உள்ளே தள்ளச் சொல்கிறாய். என்னால் முடியாது. நான் ஆயிரம் தடவை சும்மா சொல்கிற வார்த்தைதான் அது, ஒப்புக்கொள்கிறேன். அன்று அதை அர்த்தத்தோடு சொன்னேன். நீ என்னைத் தங்கச்சி மாதிரி என்று எழுதினாயே, அதுதான் சும்மா சொன்னது.

குட்டி சுகம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் தங்கைதான்


செப்டம்பர் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

குட்டி ஓடுகிறாளா? மாப்பிள்ளை சுகமா? எனக்கு மூட்டு வீங்கியிருக்கிறது. ஓடியதால் வீங்கியது. ஏன் ஓடினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். சாகும்வரை பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். போன மாதம் உன் அத்தான் பெட்டியைத் திறந்து, துணிகளையெல்லாம் எடுத்து நம் இஸ்திரிக்காரருக்குக் கொடுத்தேன். அவருக்கும் அதே உயரம், அதே உடம்பு. மடித்துக் கொடுத்தபோது எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். கூட்டத்துக்கு நடுவே நீலக்கோடு சட்டை. முதுகு. அவ்வளவுதான், எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வெளியே வந்து என் கண்முன்னாலேயே இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிற திமிரைப் பார் என்று ஓடினேன். காலாவது வலியாவது! பின்னாலிருந்து காலரைப் பிடித்து, “புடிங்க, கொலைகாரன், இவன்தான், இவன்தான்!” என்று கத்தினேன். நீ கண்ணாடி முன்னால் பழகாததை நான் நடுத்தெருவில் அத்தனை சுத்தமாகச் சொன்னேன். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நாலு பேர் பாய்ந்து அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். திரும்பிய முகம் இஸ்திரிக்காரருடையது. வாய் கிழிந்து ரத்தம். “அம்மா, நாந்தாங்கம்மா, நீங்க குடுத்த சட்டைங்கம்மா” என்கிறார்.

நடந்தவை இவ்வளவுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். “புடிங்க” என்று கத்துவதற்கு முன்னால் என் வாயிலிருந்து வேறொன்று வந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. “என்னங்க” என்று வந்தது. உன் அத்தானைத் தவிர வேறு யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இஸ்திரிக்காரர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பரவால்லைங்கம்மா, உங்க கஷ்டம் உங்களுக்கு” என்றார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

என் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. எள்ளளவும் போகவில்லை. முன்பாவது அதை வைக்க ஒரு முகம் இருந்தது. இப்போது யார் முகத்தில் வைப்பது? கொன்றவன் மாஸ்டரோ, வேறு எவனோ, எங்கேயோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அந்த ஜட்ஜ்மேல் கோபம், சட்டத்தின்மேல் கோபம், உன்மேலும் கோபம்தான். உன்மேல் உள்ளதை நேரில் தீர்த்துக்கொள்ள வேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு வா. போனும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். அடிதடி என்பதால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுதுகிறவர் இளம்பிள்ளை. “யாருன்னு நெனச்சுப் புடிச்சீங்கம்மா?” என்றார். வாயைத் திறந்தேன். “மாஸ்டர் மாதிரி இருந்துச்சுங்க” என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. “எங்க வீட்டுக்காரர் மாதிரியும் இருந்துச்சு” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். வாசிக்கச் சொன்னேன். ‘மாஸ்டர் என்று நினைத்துப் பிடித்தேன்’ என்று இருந்தது.

“நான் சொன்னது அது இல்லையே?”

“பேச்சு வழக்கும்மா, எழுத்துல அதெல்லாம் வராது.”

மேசையில் ஓங்கி அறைந்தேன். மைக்கூடு உருண்டு விழுந்தது. ஸ்டேஷனே எழுந்து நின்று பார்த்தது.

“எழுதுய்யா! அந்த மாதிரியையும் சேர்த்து எழுது!”

எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

உன் அக்கா